தேவனா, கடவுளா? இறைவனையும் மறைநூலையும் குறிக்கும் கிறிஸ்தவச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே இரண்டு மறைநூல் மொழிபெயர்ப்புகள் பரவலாகப் புழங்குகின்றன. ஒன்று, ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் உழைப்பில் 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. சீர்திருத்தச் சபையினர் இதைப் பழைய திருப்புதல் என்பார்கள். மற்றொன்று, கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995-இல் வெளியிட்ட திருவிவிலியம். ஒரே வசனத்தை இரண்டிலும் அடுத்தடுத்து வாசிப்பவருக்கு எழும் கேள்விகளே பெரும்பாலும் இங்கே உள்ளன.

ஒரே கடவுளுக்குத் தமிழில் ஏன் இத்தனை பெயர்கள்?

ஒவ்வொரு தலைமுறை மொழிபெயர்ப்பாளரும் முந்தைய சொல்லில் ஒரு குறை கண்டார்கள் என்பதே காரணம். 1578-இல் கொல்லத்தில் அச்சான தமிழ் நூலின் பெயரே தம்பிரான் வணக்கம். அதை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் தேர்ந்த சொல் தம்பிரான். மதுரைக்கு 1606-இல் வந்த இராபர்ட் தெ நொபிலியின் காலம் தொட்டுக் கத்தோலிக்கரிடம் சர்வேசுரன் என்ற சொல் நிலைத்தது. தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்த சீகன்பால்கும் அதையே எடுத்துக்கொண்டார். பின்னர் வேப்பேரியில் பணிசெய்த பப்ரிசியுஸ் பராபரன் என்ற சொல்லை நாடினார். 1871-இன் குழு தேவன் என்றது. 1995-இன் குழு கடவுள் என்றது.

இவை ஐந்தும் கிறிஸ்தவர் புதிதாகப் புனைந்த சொற்கள் அல்ல. தம்பிரான் சைவ மடங்களில் இன்றும் வாழும் சொல்; பராபரம் தாயுமானவர் பாடல்களில் கண்ணிக்குக் கண்ணி ஒலிக்கும் சொல்; கடவுள் வாழ்த்து என்ற தொடர் தொல்காப்பியத்திலேயே உண்டு.

இவற்றில் எது சரியான சொல்?

எபிரேயத்தில் ஏலோகிம், கிரேக்கத்தில் தெயோஸ் என்ற இரண்டுமே பொதுப்பெயர்கள்தான். அண்டை நாட்டவரின் தெய்வங்களையும் அதே சொற்கள் குறித்தன. ஆகவே பொதுச்சொல் ஒன்றைத் தேர்ந்ததற்காக எந்த மொழிபெயர்ப்பாளரையும் குறைசொல்ல முடியாது. தேவன் என்பதன் சிக்கல் வேறு. தமிழில் அது இந்திரன் முதலான தேவர்களுள் ஒருவரையும் குறிக்கும். உயர்ந்த ஒரே பரம்பொருளைக் குறிக்க அது போதாது என்று சமயநூல் அறிந்த எவரும் சொல்லக்கூடும். சர்வேசுரன் என்பதில் அந்தக் குறை இல்லை. ஆனால் அனைத்துக்கும் ஈசன் என்னும் பொருள், மூலச்சொல்லில் இல்லாத ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறது. கடவுள் என்ற சொல்லையே இதை எழுதுபவர் விரும்புகிறார். வீட்டிலும் தெருவிலும் எல்லாச் சமயத்தாரும் சொல்லும் சொல் அது என்பது ஒன்றே காரணம். 'கடந்தும் உள்ளும் இருப்பவர்' என்று அதைப் பிரித்துக் காட்டும் மேடைப் பேச்சு செவிக்கு இனியதுதான் என்றாலும், அதைச் சொற்பிறப்பாகக் கொள்ள வேண்டியதில்லை.

'தேவன் சிருஷ்டித்தார்' என்பது இலக்கணப்படி சரியா? எழுவாய் 'அன்' விகுதியிலும் வினை 'ஆர்' விகுதியிலும் முடிகின்றனவே?

நுணுக்கமான கேள்வி. 'ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்' என்ற முதல் வசனத்தை நாம் பழக்கத்தால் தடையின்றி வாசித்துவிடுகிறோம். 'மன்னன் வந்தார்' என்று எழுதினால் தமிழாசிரியர் திருத்தியிருப்பார். தேவன் என்ற ஒருமைப் பெயருக்கு மரியாதைப் பன்மை வினையைச் சேர்த்தது சபைத் தமிழின் தனி வழக்கு. தேவர் என்று எழுதியிருந்தால் பலர் என்ற பொருள் வந்துவிடும். சிருஷ்டித்தான் என்று எழுதியிருந்தால் மரியாதை போய்விடும். இரண்டையும் தவிர்க்கப்போய் இந்த வாக்கியம் பிறந்தது.

இதே வசனத்தின் எபிரேய மூலமும் இலக்கணத்தில் ஒரு பொருத்தமின்மையைத் தாங்கி நிற்கிறது என்பதுதான் வியப்பு. ஏலோகிம் என்பது வடிவத்தில் பன்மை. அதோடு வரும் பாரா என்ற வினை ஒருமை. தமிழில் பெயர் ஒருமை, வினை பன்மை; எபிரேயத்தில் பெயர் பன்மை, வினை ஒருமை. அந்தப் பன்மை வடிவத்தைத் திரித்துவத்துக்கு, அதாவது பிதா, குமாரன், ஆவி என்ற மூவராய் ஒரே கடவுள் என்னும் கோட்பாட்டுக்கு, சான்றாகச் சிலர் காட்டுவதுண்டு. எபிரேயத்தில் மாட்சியையும் நிறைவையும் குறிக்கப் பன்மை வடிவம் வரும் என்ற விளக்கமே பெரும்பாலான அறிஞர் ஏற்பது. 'அவர் வந்தார்' என்று ஒருவரைப் பற்றியே நாள்முழுதும் பேசும் தமிழருக்கு அதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை.

கடவுளை 'நீர்' என்று அழைப்பது ஏன்?

தேவாரமும் திருவாசகமும் இறைவனைப் பெரும்பாலும் 'நீ' என்றே உரிமையோடு அழைக்கின்றன. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் முன்னிலையில் மரியாதை வேறுபாடு கிடையாது; அரசனுக்கும் அடிமைக்கும் ஒரே சொல்தான். மொழிபெயர்ப்பாளர் நீ, நீர், நீங்கள் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டியிருந்தது. அவர்கள் நடுவில் நின்றார்கள். பல வட்டாரங்களில் 'நீர்' பேச்சில் அருகிவிட்டதால், இன்று அது ஏறக்குறைய மன்றாட்டுக்கு மட்டுமே உரிய சொல்லாகிவிட்டது.

கர்த்தர், ஆண்டவர், யேகோவா: இவை மூன்றும் ஒன்றா?

பழைய ஏற்பாட்டில் கடவுளுக்கு ஒரு தனிப்பெயர் உண்டு. நான்கு மெய்யெழுத்துகளால் ஆன அந்தப் பெயர் எபிரேய மறைநூலில் 6,800 தடவைக்கும் மேல் வருகிறது. அதை வாயால் உச்சரிப்பதை யூதர்கள் காலப்போக்கில் தவிர்த்து, அந்த இடத்தில் 'என் ஆண்டவர்' என்று பொருள்படும் அதோனாய் என்ற சொல்லை வாசித்தார்கள். பிற்காலத்தில் மறைநூலுக்கு உயிர்க்குறிகள் இட்ட மசோரெத்தியர், வாசிப்பவருக்கு நினைவூட்ட அதோனாயின் உயிர்க்குறிகளை அந்த நான்கு மெய்களின் மேல் இட்டார்கள். இந்த ஏற்பாட்டை அறியாத ஐரோப்பியர் இரண்டையும் கூட்டி வாசித்ததால் யேகோவா என்ற ஒலிப்பு உண்டாயிற்று. மூல ஒலிப்பு யாவே என்பதற்கு நெருக்கமாக இருந்திருக்கும் என்பது அறிஞர்களின் பொதுக் கருத்து.

பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பான எழுபதின்மர் நூலின் கைப்படிகள் பெரும்பாலும் அந்தப் பெயருக்குக் கூரியோஸ் என்ற சொல்லை இடுகின்றன. அதன் வழியில் பழைய திருப்புதல் கர்த்தர் என்றும், திருவிவிலியம் ஆண்டவர் என்றும் எழுதின. யாத்திராகமம் 6:3 போன்ற சில இடங்களில் பழைய திருப்புதலிலும் யேகோவா என்றே காணலாம். எபிரேயத்தில் அதோனாயும் நான்கெழுத்தும் அடுத்தடுத்து வந்தால் அதில் 'கர்த்தராகிய ஆண்டவர்' என்று வரும். அந்தத் தொடர் வெற்று அடுக்குமொழி அன்று.

யாத்திராகமம் 3:14-இல் மோசே பெயரைக் கேட்கும்போது கிடைக்கும் பதில், 'இருக்கிறவராக இருக்கிறேன்'. எபிரேய வினை, 'இருப்பேன்' என்ற எதிர்காலப் பொருளையும் தரும். அங்கே பால் காட்டும் விகுதியோ மரியாதை விகுதியோ கிடையாது. தமிழில் 'இருக்கிறவர்' என்று சொன்ன உடனே இரண்டும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. தன்னைத் தானே 'அவர்' என்று எவரும் சொல்லிக்கொள்வதில்லை ஆகையால் அந்த வாக்கியம் தமிழ்க் காதுக்குச் சற்று விநோதமாகவே ஒலிக்கிறது. அந்த விநோதம் இருப்பதும் நல்லதுதான். மூலத்திலும் அது எளிதில் பிடிபடாத வாக்கியம்.

திரித்துவம் என்ற சொல் மறைநூலில் எங்கே இருக்கிறது?

எங்கும் இல்லை. இலத்தீனில் திரினித்தாஸ் என்ற சொல்லை இப்பொருளில் வழங்கியவர் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய தெர்த்துல்லியன். சொல் பின்னால் வந்தது. பிதா, குமாரன், ஆவி என்ற மூவரையும் ஒருசேரச் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் முன்னமே இருந்தது. மகன் படைக்கப்பட்டவர் என்று அரியுஸ் போதித்ததை ஒட்டி 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம், மகன் தந்தையோடு 'ஓமோஊசியோஸ்' என்றது. கத்தோலிக்க விசுவாச அறிக்கையில் 'தந்தையோடு ஒரே பொருளானவர்' என்று நாம் சொல்வது இந்தச் சொல்லைத்தான். பொருள் என்றால் இங்கே செல்வமோ சொற்பொருளோ அன்று. ஒன்று எதுவாக இருக்கிறதோ அந்த உள்ளியல்பு.

ஒரே பொருள், மூன்று ஆட்கள் என்றால் என்ன?

பழைய கத்தோலிக்க ஞானோபதேசத்தில், அதாவது மறைக்கல்வி நூலில், 'ஆள்' என்ற சொல் வரும். குமாரன் இரண்டாம் ஆள். சந்தைக்கு எத்தனை ஆள் வந்தது என்று கேட்கும் மொழியில் இது இடறலான சொல் என்று பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் கிரேக்கர்களும் இலத்தீனர்களும் இதைவிடப் பெரிய குழப்பத்தில் இருந்தார்கள். கிரேக்கத்தில் ஊசியா, இப்போஸ்தாசிஸ் என்று இரு சொற்கள். நிசேயாவில் இரண்டும் ஒரே பொருளில்தான் வழங்கின. பின்னர் கப்பதோக்கியா நாட்டு ஆயர்களான பசிலியும் இரண்டு கிரகோரிகளும், ஊசியா ஒன்று, இப்போஸ்தாசிஸ் மூன்று என்று பிரித்து நிலைநிறுத்தினார்கள். இலத்தீனரோ இப்போஸ்தாசிஸ் என்பதை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் சுப்ஸ்தான்சியா வருகிறதே, மூன்று பொருள் என்றா சொல்கிறீர்கள் என்று திடுக்கிட்டார்கள். அவர்கள் சொன்ன பெர்சோனாவோ நாடக முகமூடியையும் குறிக்கும் சொல். ஒருவரே மூன்று வேடம் போடுகிறார் என்ற ஐயம் அதைக் கேட்ட கிழக்கத்தியருக்கு எழுந்தது.

எபிரெயர் 1:3-ஐப் பழைய திருப்புதலில் பாருங்கள்: 'அவருடைய தன்மையின் சொரூபமுமாயிருந்து.' அங்கே 'தன்மை' என்று பெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல் இப்போஸ்தாசிஸ்தான். அந்த நிருபம் எழுதப்பட்ட காலத்தில் சங்கங்களின் கலைச்சொல் இன்னும் பிறக்காததால், மொழிபெயர்ப்பாளர் அதை 'ஆள்' என்று பெயர்க்காதது சரியான முடிவே.

திரித்துவமும் மும்மூர்த்தியும் ஒன்றா?

இல்லை. படைத்தல், காத்தல், அழித்தல் என்று தொழிலால் பிரித்துக் காட்டுவது மும்மூர்த்திக் கருத்து. திரித்துவக் கோட்பாட்டில் தந்தை மட்டும் படைத்தார், மகன் மட்டும் மீட்டார் என்று தொழிலைப் பங்கிட முடியாது. மூவரும் எல்லாச் செயலிலும் பிரியாமல் செயல்படுகிறார்கள். வேறுபாடு உறவில் மட்டுமே: தந்தை பெற்றவர், மகன் பிறந்தவர், ஆவி புறப்படுபவர்.

ஆவி என்ற சொல் பேயை நினைவூட்டுகிறதே?

இட்லி வேகும் ஆவியையும் நினைவூட்டுகிறது. அதில் தவறில்லை. எபிரேயத்தில் ரூவாக், கிரேக்கத்தில் நியூமா ஆகிய இரண்டும் காற்று, மூச்சு, ஆவி என்ற மூன்று பொருளையும் ஒருங்கே தரும். யோவான் 3:8-இல் காற்று வீசுவதையும் ஆவியால் பிறப்பதையும் இயேசு ஒரே சொல்லால் சொல்கிறார். பழைய திருப்புதலில் முதலில் 'காற்றானது' என்றும் பிறகு 'ஆவி' என்றும் வருவதால் அந்தச் சிலேடை தமிழில் விழுந்துவிட்டது.

இன்னொரு சிக்கல் திணை பற்றியது. ரூவாக் எபிரேயத்தில் பெரும்பாலும் பெண்பால்; நியூமா கிரேக்கத்தில் ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத அலிப்பால். அவை வெறும் இலக்கணப் பால்கள், பொருளைக் கட்டுப்படுத்துவதில்லை. தமிழிலோ திணை பொருளை ஒட்டியது. ஆவி அஃறிணை. 'ஆவி வந்தது' என்றால் அது ஒரு பொருள் அல்லது ஒரு பேய். ஆவியும் திரித்துவத்தில் ஓர் ஆள் என்று நம்புகிறவர் அப்படிச் சொல்லி நிறுத்த முடியாது. ஆகவேதான் ஆவியானவர், ஆவியார் என்ற வடிவங்கள் பிறந்தன. கத்தோலிக்க முன்னோர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று போர்த்துக்கீசியச் சொல்லைத் தமிழொலியில் 'இஸ்பிரீத்து சாந்து' என்று வைத்துக்கொண்டார்கள். சிலுவை அடையாளம் போடும்போது அதைச் சொல்லிப் பழகிய முதியவர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

யோவானின் 'வார்த்தை', 'வாக்கு' இரண்டில் எது பொருத்தம்?

யோவான் நற்செய்தியின் முதல் வரியில் வரும் கிரேக்கச் சொல் லோகோஸ். சொல், பகுத்தறிவு, காரணம் என அது விரியும். தமிழில் இவற்றை ஒருங்கே ஏந்தும் சொல் இல்லை. பழைய திருப்புதல் வார்த்தை என்கிறது. திருவிவிலியம் வாக்கு என்கிறது. வாக்குத் தவறாமை, அருள்வாக்கு போன்ற வழக்குகளால் வாக்கு என்பதில் கனம் கூடுதல். தேர்தல் காலத்தில் மட்டும் அது வேறொன்றாகிவிடும்.

பழைய திருப்புதலில் அந்த நற்செய்தியின் முதல் இரண்டு வசனங்களைக் கவனியுங்கள். 'ஆதியிலே வார்த்தை இருந்தது' என்று அஃறிணையில் தொடங்குகிறது. அடுத்த வசனம், 'அவர் ஆதியிலே தேவனோடிருந்தார்.' லோகோஸ் ஆண்பால் என்பதால் கிரேக்கத்தில் இரண்டு வசனத்துக்கும் இடையே இலக்கணத்தில் எந்தத் தாவலும் இல்லை. தமிழ் வாசகரோ 'இருந்தது' என்பதிலிருந்து 'இருந்தார்' என்பதற்கு ஒரே அடியில் ஏறுகிறார். அஃறிணை உயர்திணையாகும் அந்த இடத்தை மொழிபெயர்ப்பாளர் தம் பொறுப்பில் முடிவுசெய்திருக்கிறார்.

கிறிஸ்துவை அவதாரம் எனலாமா?

கத்தோலிக்கர் மனிதாவதாரம் என்று வெகுகாலம் சொல்லிவந்தனர். சென்னை வழக்கறிஞரும் இறையியலாளருமான சக்கரைச் செட்டியார் இயேசுவை அவதாரம் என்று தலைப்பிலேயே பெயரிட்டு ஆங்கிலத்தில் நூல் எழுதினார். இந்த அவதாரம் முடிந்துபோவதன்று, நிலைத்து நிற்பது என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி. தயங்குவோர் சொல்லும் காரணம், அவதாரம் பல தடவை நிகழலாம், கிறிஸ்து மனிதரானது ஒரே தடவை என்பது. 451-இல் கல்செதோன் சங்கம் அவர் முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர் என்று அறிக்கையிட்டது. அவதாரம் என்ற சொல்லைக் கேட்பவருக்கு அந்த இரண்டாம் பாதி தானாக விளங்குவதில்லை. பழைய திருப்புதல் 'வார்த்தை மாம்சமாகி' என்று சொல்வது கரடுமுரடாக இருந்தாலும், கிரேக்கச் சொல்லின் கரடுமுரடும் அதுவே.

வேதாகமம், விவிலியம்: பெயர் ஏன் மாறியது?

வேதமும் ஆகமமும் சைவர்க்கு இருவகை முதல்நூல்கள். அவ்விரண்டையும் சேர்த்து ஒரே நூலுக்குப் பெயராக்கியது துணிச்சலான செயல். விவிலியம், நூல்கள் என்று பொருள்படும் பிப்லியா என்ற கிரேக்கப் பன்மைச் சொல்லின் தமிழ் வடிவம். பேச்சில் எல்லாரும் பைபிள் என்றே சொல்கிறோம்.

பழைய ஏற்பாடு என்பதில் 'ஏற்பாடு' எதைக் குறிக்கிறது?

இன்றைய தமிழில் ஏற்பாடு என்றால் கல்யாண ஏற்பாடு, பந்தல் ஏற்பாடு. மறைநூலில் அது எபிரேயப் பெரித், அதாவது இரு தரப்பார் செய்துகொள்ளும் உடன்படிக்கை. கிரேக்கத்தில் அதற்கு ஈடாக வைத்த தியதேக்கே என்ற சொல், இறப்பவர் எழுதிவைக்கும் உயிலையும் குறிக்கும். எபிரெயர் 9-ஆம் அதிகாரம் இந்த இரட்டைப் பொருளின் மேலேயே தன் வாதத்தைக் கட்டுகிறது. 15-ஆம் வசனத்தில் பழைய திருப்புதல் 'உடன்படிக்கை' என்று எழுதி, 16-இல் 'மரணசாசனம்' என்று மாற்றுகிறது. கிரேக்கத்தில் இரண்டும் ஒரே சொல். அதை அறியாத தமிழ் வாசகருக்கு, உடன்படிக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று உயிலுக்கு ஏன் போனார் என்பது புரியாது.

66 நூல்களா, 73 நூல்களா?

புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் கருத்து வேறுபாடு இல்லை. அந்த 27-ஐயும் அப்படியே பட்டியலிட்டு 367-இல் மடல் எழுதியவர் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ். வேறுபாடு பழைய ஏற்பாட்டில்: சீர்திருத்தச் சபையினர்க்கு 39, கத்தோலிக்கருக்கு 46. எழுபதின்மர் நூலில் இடம்பெற்று எபிரேயத் தொகுப்பில் இல்லாதவற்றை, சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய லூத்தர் 1534-இன் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் நீக்கவில்லை. தனியே பிரித்து வைத்தார். கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் 1546-இல் அவற்றைத் திருமுறைக்கு, அதாவது மறைநூலாக ஏற்கப்பட்ட நூல்களின் தொகுப்புக்கு, உட்பட்டவை என்று அறிவித்தது. அவற்றுக்கு வழங்கும் தள்ளுபடி ஆகமம் என்ற பெயர் வழக்கை முடித்துவிட்டே பேசத் தொடங்குகிறது. இணைத்திருமுறை என்பது நேர்மையான பெயர். திருமுறை என்பதன் மூலச்சொல்லான கனோன், அளவுகோலைக் குறிப்பது.

மறைநூல் ஏவப்பட்டது என்றால், கடவுள் சொல்லச் சொல்ல மனிதர் எழுதினார்கள் என்று பொருளா?

2 தீமோத்தேயு 3:16-இல் உள்ள கிரேக்கச் சொல்லுக்குக் கடவுளால் ஊதப்பட்டது, கடவுளின் மூச்சைக் கொண்டது என்று பொருள். பழைய திருப்புதல் 'தேவஆவியினால் அருளப்பட்டிருக்கிறது' என்கிறது. பேச்சில் வழங்கும் ஏவுதல் என்ற சொல், ஏவல் பில்லி சூனியத்தை நினைவூட்டுவதோடு, எழுதியவரை வெறும் கருவியாக்கியும் விடுகிறது.

அதே நிருபத்தில் இருபது வசனத்துக்குள், துரோவாவில் கார்ப்பு என்பவனிடம் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும், குறிப்பாகத் தோற்சுருள்களையும் எடுத்துவரச் சொல்கிறது கடிதம். குளிர்காலத்துக்கு முன் வந்துவிடு என்றும் கேட்கிறது. லூக்காவோ தாம் விசாரித்தறிந்து எழுதுவதாக முதல் வரிகளிலேயே சொல்லிவிடுகிறார். சொல்லச் சொல்ல எழுதிய நூலின் தோற்றம் இதுவன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இறைவெளிப்பாடு பற்றி வெளியிட்ட ஏடு, எழுதியவர்களை உண்மையான ஆசிரியர்கள் என்றே அழைக்கிறது. நம் மீட்புக்காகக் கடவுள் பதிக்க விரும்பிய உண்மையை நூல்கள் பிழையின்றிக் கற்பிக்கின்றன என்கிறது. சீர்திருத்தச் சபையினருள் ஒரு பகுதியினர் பிழையின்மையை வரலாற்றுச் செய்திகளுக்கும் அறிவியலுக்கும் விரித்துச் சொல்வார்கள். 1978-இன் சிகாகோ அறிக்கை அந்த நிலைப்பாட்டின் பெயர்பெற்ற வடிவம்.

அதிகார எண்ணும் வசன எண்ணும் மூலத்தில் இருந்தனவா?

இல்லை. இன்றைய அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் செய்ததாகக் கொள்ளப்படுகிறது. புதிய ஏற்பாட்டு வசன எண்கள் 1551-இல் அச்சகத்தார் இராபர்ட் எத்தியென் இட்டவை.

1 யோவான் 5:7 இரண்டு மொழிபெயர்ப்பிலும் ஏன் வேறாக உள்ளது?

பழைய திருப்புதலில், 'பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்தஆவி என்பவர்களே' என்று இருக்கும். திருவிவிலியத்தில் அது இல்லை. பழைய கிரேக்கக் கைப்படிகளில் இவ்வரி காணப்படுவதில்லை. இலத்தீன் மரபிலிருந்து வந்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் பதிப்பித்த எராஸ்முஸ் 1516, 1519 பதிப்புகளில் இதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு எழுந்தபின் 1522-இல் சேர்த்தார். அவ்வழியே வந்த கிரேக்கப் பாடத்தின் மூலம் அது பழைய திருப்புதலுக்கும் வந்தது. திரித்துவக் கோட்பாடு இந்த ஒரு வரியை நம்பி எழுந்ததன்று. நிசேயாவில் எவரும் இதை மேற்கோள் காட்டவில்லை.

நீக்கப்பட்டதைப் பற்றிய விவாதத்தில் அடுத்த வசனத்தைப் பலரும் பார்ப்பதில்லை. 'பூலோகத்திலே சாட்சியிடுகிறவைகள் மூன்று, ஆவி, ஜலம், இரத்தம் என்பவைகளே' என்கிறது அது. நீரும் இரத்தமும் கிரேக்கத்தில் அலிப்பால். இருந்தும் அங்கே 'சாட்சியிடுகிறவர்கள்' என்ற ஆண்பால் வடிவமே இரண்டு வசனங்களிலும் வருகிறது. தமிழில் இரண்டையும் ஒரே வடிவில் எழுத மொழிபெயர்ப்பாளர்க்குக் கை வரவில்லை. ஆகவே ஏழாம் வசனத்தில் 'மூவர்' என்ற உயர்திணைக்குள் இருக்கும் ஆவி, எட்டாம் வசனத்தில் நீரோடும் இரத்தத்தோடும் சேர்ந்து 'மூன்று' ஆகிவிடுகிறது.